தலைவர் மாறினால் திசை மாறுமா?

"நம் பள்ளிக்குப் புதிய முதல்வர் வரப்போகிறாராம்!"

இந்தச் செய்தி பரவினால் போதும். அன்றைய ஓய்வு நேரம் முழுவதும் சிற்றுண்டிச்சாலையில் அதே பேச்சுதான். "அவர் முன்பு பணியாற்றிய பள்ளியின் ஹாக்கிக் குழு மிகவும் திறமையானதாம். இனி இங்கும் விளையாட்டுக்குத்தான் முதலிடம்," என்பார் ஒருவர். "அவர் மிகவும் கண்டிப்பானவராம். புறப்பாட நடவடிக்கைகளைக் குறைத்துவிடுவார் பார்," என்பார் மற்றொருவர். புதிய முதல்வரோ இன்னும் பள்ளி வாசலில் காலடிகூட எடுத்து வைத்திருக்கமாட்டார்.

பெரிய நிறுவனங்களில் தலைமை மாறும்போதும் இப்படித்தான் நடக்கிறது. ஆனால், அங்கே ஊகம் பேச்சோடு நின்றுவிடுவதில்லை. அந்த ஊகத்தை நம்பிப் பலர் பங்குகளை வாங்குகிறார்கள். வேறு பலர் விற்கிறார்கள். சில மணி நேரத்திற்குள் கோடிக்கணக்கான பணம் கைமாறிவிடுகிறது. அந்த ஊகங்கள் எப்படிப் பிறக்கின்றன? அவை எந்த அளவுக்குப் பலிக்கின்றன? 'பிபி' என்னும் பிரிட்டிஷ் எரிசக்தி நிறுவனத்தில் 2020 முதல் நடந்தவற்றைக் கொண்டு இதை அறிந்துகொள்வோம்.

பங்கின் விலையில் என்ன இருக்கிறது?

ஒரு நிறுவனத்தின் உரிமையைப் பல சிறு கூறுகளாகப் பிரித்து விற்கிறார்கள். அவற்றில் ஒரு கூறே 'பங்கு' எனப்படுகிறது. பங்கை வாங்கியவர் பங்குதாரர் ஆகிறார். நிறுவனம் இலாபம் ஈட்டினால், அதில் ஒரு பகுதி அவருக்கு 'இலாப ஈவு' என்னும் பெயரில் கிடைக்கும்.

பங்கை வாங்குபவர் அந்த நிறுவனம் நேற்று ஈட்டிய இலாபத்தை வாங்குவதில்லை. நாளை ஈட்டப்போகும் இலாபத்தில் ஒரு பகுதியையே வாங்குகிறார். நாளை என்ன நடக்கும் என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. எனவே, ஒரு பங்கின் விலை என்பது பல்லாயிரம் பேரின் ஊகங்கள் ஒன்றுசேரும் இடமாகும். நல்ல காலம் வரும் என்று நினைப்பவர்கள் கூடினால் விலை ஏறும். கெட்ட காலம் வரும் என்று நினைப்பவர்கள் கூடினால் விலை இறங்கும்.

நாளை நடக்கப்போவதை முடிவு செய்பவர்களுள் முக்கியமானவர் தலைமைச் செயல்முறை அதிகாரி. அதனால்தான் அவர் மாறும்போது முதலீட்டாளர்களின் கவனம் முழுவதும் அவர்மீது திரும்புகிறது.

எரிசக்தித் துறையில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக இருக்கும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு ரப்பர்த் தோட்டத்தில் புதிய நிர்வாகி பொறுப்பேற்கிறார். பால் தரும் மரங்களில் பாதியை வெட்டிவிட்டுச் செம்பனை நடலாம் என்று அவர் நினைக்கிறார். செம்பனை காய்க்க ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை வருமானம் குறையும். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு செம்பனைக்கு நல்ல விலை கிடைக்குமா? ரப்பருக்கு மீண்டும் விலை ஏறிவிடுமா? யாருக்கும் தெரியாது. எண்ணெய் நிறுவனங்களின் நிலையும் இதுதான். புதிய எண்ணெய் வயலோ கடலில் அமையும் காற்றாலையோ பயன் தருவதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். இன்று எடுக்கும் முடிவின் பலனைப் பெரும்பாலும் அடுத்த தலைவரின் காலத்தில்தான் காண முடியும்.

பின்னணி சொன்னது ஒன்று, நடந்தது வேறொன்று

பிபி நிறுவனம் 1909ஆம் ஆண்டு பாரசீகத்தில், அதாவது இன்றைய ஈரானில், எண்ணெய் எடுப்பதற்காகத் தொடங்கப்பட்டது. உலகின் மிகப் பெரிய எண்ணெய் நிறுவனங்களுள் அதுவும் ஒன்று. நம் நாட்டு மோட்டார் பழுதுபார்க்கும் கடைகளில் காணப்படும் 'காஸ்ட்ரால்' இயந்திர எண்ணெயும் அந்த நிறுவனத்தின் வணிகப் பெயர்களுள் ஒன்றாக விளங்கியது.

2020ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பெர்னார்ட் லூனி அதன் தலைமைச் செயல்முறை அதிகாரியானார். அவர் 1991இல் துரப்பணப் பொறியாளராகப் பிபியில் சேர்ந்தவர். பின்னர் எண்ணெய், எரிவாயு உற்பத்திப் பிரிவுக்கே தலைமை தாங்கியவர். அவருடைய பின்னணியை மட்டும் பார்ப்பவர்கள், 'இனி எண்ணெய் உற்பத்தி பெருகும்' என்றே ஊகித்திருப்பார்கள்.

நடந்ததோ அதற்கு நேர்மாறு. பொறுப்பேற்ற சில நாள்களிலேயே, 2050ஆம் ஆண்டுக்குள் பிபியின் நிகர கரிம வெளியேற்றத்தைச் சுழியமாக்குவதே இலக்கு என்று லூனி அறிவித்தார். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் அதற்கான திட்டம் வெளியானது. 2030ஆம் ஆண்டுக்குள் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 40 விழுக்காடு குறைப்பது. காற்றாலை, சூரியசக்தி போன்ற கரிமம் குறைந்த துறைகளில் ஆண்டுக்குச் சுமார் 5 பில்லியன் அமெரிக்க டாலர் முதலீடு செய்வது ஆகியவை அத்திட்டத்தின் முக்கியக் கூறுகள். பங்குதாரர்களுக்கு வழங்கும் இலாப ஈவும் பாதியாகக் குறைக்கப்பட்டது.

அப்போது கோவிட்-19 பெருந்தொற்றால் உலகமே முடங்கியிருந்தது. வாகனங்கள் ஓடவில்லை, விமானங்கள் பறக்கவில்லை, எண்ணெயை வாங்க ஆள் இல்லை. அந்த ஆண்டு பிபி 20 பில்லியன் டாலருக்கும் மேல் நட்டம் அடைந்தது. லூனி பொறுப்பேற்றபோது இருந்த பங்கு விலை, ஆண்டு முடிவதற்குள் பாதிக்கும் கீழே சரிந்தது.

இருப்பினும், முதலீட்டாளர்கள் அனைவரும் ஒரே கருத்தைக் கொண்டிருக்கவில்லை. எண்ணெயின் காலம் முடியப்போகிறது என்றும் முன்கூட்டியே மாறிக்கொள்ளும் நிறுவனமே பிழைக்கும் என்றும் சிலர் நம்பினர். வருமானம் தரும் தொழிலைச் சுருக்கிவிட்டு, அனுபவம் குறைந்த தொழிலில் இறங்குவது ஆழம் தெரியாமல் காலை விடுவதாகும் என்று வேறு சிலர் அஞ்சினர்.

உலகம் திரும்பியது

2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தது. எண்ணெய் விலையும் எரிவாயு விலையும் விறுவிறுவென்று ஏறின. ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் நிறுவனத்தில் தான் வைத்திருந்த 19.75 விழுக்காட்டுப் பங்கைக் கைவிடுவதாகப் பிபி அறிவித்தது. அதனால் கணக்கில் பேரிழப்பு ஏற்பட்டாலும், எண்ணெய், எரிவாயு விற்பனையில் வருமானம் கொட்டியது. அந்த இழப்பு போன்ற தனிக்கணக்குகளைச் சேர்க்காமல் பார்த்தால், அந்த ஆண்டின் இலாபம் ஏறத்தாழ 27.7 பில்லியன் டாலர். பிபியின் வரலாற்றிலேயே அதுதான் உச்சம்.

மறுபுறம், உலகெங்கும் வட்டி விகிதம் உயர்ந்தது. கட்டுமானப் பொருள்களின் விலையும் ஏறியது. கடன் வாங்கிக் கட்ட வேண்டிய கடல் காற்றாலைத் திட்டங்கள் இதனால் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. 2023இல், அமெரிக்கக் கடல் காற்றாலைத் திட்டங்களின் மதிப்பிலிருந்து மட்டும் 540 மில்லியன் டாலரைப் பிபி குறைத்துக்காட்ட வேண்டியதாயிற்று.

அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே லூனி தம் இலக்கைத் தளர்த்தியிருந்தார். உற்பத்திக் குறைப்பு 40 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடாக மாறியது. அந்த அறிவிப்பு வெளியான அன்று பங்கு விலை உயர்ந்தது. தலைவர் மாறவில்லை; ஆனால் திசை மாறத் தொடங்கியிருந்தது. இது நாம் மனத்தில் வைக்க வேண்டிய செய்தி.

'மாறாது' என்றவரே மாற்றினார்

2023ஆம் ஆண்டு செப்டம்பரில் லூனி திடீரெனப் பதவி விலகினார். தம் நடத்தை தொடர்பாக இயக்குநர் வாரியம் கேட்ட கேள்விகளுக்கு முழுமையான விளக்கம் அளிக்கவில்லை என்பதை அவர் ஒப்புக்கொண்டார். நிதிப் பிரிவின் தலைவராக இருந்த மரே ஆக்கின்கிளாஸ் இடைக்காலப் பொறுப்பை ஏற்றார். 2024 ஜனவரியில் அவர் நிரந்தரமாக நியமிக்கப்பட்டார்.

மீண்டும் ஊகங்கள் எழுந்தன. ஆக்கின்கிளாஸ் லூனியுடன் இணைந்து பணியாற்றியவர். பழைய திட்டத்தை வகுப்பதிலும் பங்காற்றியவர். நிறுவனத்தின் உத்தி மாறாது என்று அவரே கூறினார். ஆகவே, பழைய பாதையே தொடரும் என்று எண்ணுவதற்குப் போதிய காரணம் இருந்தது.

ஆனால், 2024ஆம் ஆண்டு முடிவில் பிபியின் நிகரக் கடன் சுமார் 23 பில்லியன் டாலராக இருந்தது. ஷெல், எக்சான்மோபில் போன்ற போட்டி நிறுவனங்களின் பங்குகள் பிபியை வெகுவாக முந்திச் சென்றிருந்தன. 'ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்' என்பதுபோல, எண்ணெயிலும் முழுமையாக இல்லாமல், பசுமை எரிசக்தியிலும் முழுமையாக இல்லாமல் பிபி தடுமாறுவதாகப் பலர் குறை கூறினர்.

2025 பிப்ரவரி மாதம், எலியட் என்னும் அமெரிக்க முதலீட்டு நிறுவனம் பிபியின் பங்குகளை வாங்கிவருவதாகச் செய்தி வெளியானது. ஒரு நிறுவனத்தின் பங்குகளைக் கணிசமாக வாங்கிக்கொண்டு, அதன் போக்கை மாற்றும்படி நெருக்குவது எலியட்டின் வழக்கம். பிபியில் அதன் பங்கு பின்னர்ச் சுமார் 5 விழுக்காடு எனத் தெரியவந்தது. எலியட் பொதுவெளியில் எதையும் கேட்பதற்கு முன்பே, செய்தி வெளியானவுடன் பிபியின் பங்கு விலை ஒரே நாளில் ஏறத்தாழ 7 விழுக்காடு ஏறியது. 'இனி மாற்றம் வரும்' என்ற ஊகமே விலையை ஏற்றியது.

அம்மாதம் 26ஆம் நாள் ஆக்கின்கிளாஸ் புதிய உத்தியை அறிவித்தார். எண்ணெய், எரிவாயு முதலீடு ஆண்டுக்குச் சுமார் 10 பில்லியன் டாலராக உயர்த்தப்பட்டது. கரிமம் குறைந்த துறைகளுக்கான முதலீடு, முன்பு திட்டமிட்டதைவிட ஆண்டுக்கு 5 பில்லியன் டாலருக்கும் மேல் குறைக்கப்பட்டது. கடனைக் குறைப்பதற்காக 2027ஆம் ஆண்டு முடிவதற்குள் 20 பில்லியன் டாலர் மதிப்புள்ள சொத்துகளை விற்கவும் முடிவு செய்யப்பட்டது. அறிவிப்பு வெளியான நாளில், எலியட் பற்றிய செய்தியின்போது காணப்பட்ட துள்ளல் சந்தையில் இல்லை. எதிர்பார்த்தது நடக்கும்போது விலை பெரிதாக அசைவதில்லை. அந்த எதிர்பார்ப்பு முன்பே விலைக்குள் நுழைந்துவிடுகிறது.

இந்த மாற்றத்தை எல்லா முதலீட்டாளர்களும் வரவேற்கவில்லை. பருவநிலை மாற்றத்தில் அக்கறை கொண்ட முதலீட்டாளர்கள் சிலர், புதிய உத்தியைப் பங்குதாரர்களின் வாக்கெடுப்புக்கு விட்டிருக்க வேண்டும் என்று கண்டித்தனர். வாரியத் தலைவர் ஹெல்கே லுண்ட் பதவி விலகப்போவதாக ஏற்கெனவே அறிவித்திருந்தார். இருந்தும், ஏப்ரல் மாதப் பொதுக்கூட்டத்தில் ஏறத்தாழ 24 விழுக்காட்டு வாக்குகள் அவருக்கு எதிராக விழுந்தன.

வதந்தியும் விதியும்

ஊகம் அளவு மீறினால் சந்தை குழம்பிவிடும். 2025 ஜூன் மாதம் அதற்கும் ஒரு வாய்ப்பு வந்தது. பிபியை வாங்குவது குறித்து ஷெல் நிறுவனம் தொடக்கநிலைப் பேச்சு நடத்துவதாக அமெரிக்க நாளிதழ் ஒன்று செய்தி வெளியிட்டது. மறுநாளே ஷெல் அதை மறுத்தது. பிபியை வாங்கும் எண்ணம் தனக்கு இல்லை என்று அறிக்கை விட்டது.

அந்த அறிக்கை வெறும் பேச்சன்று. பிரிட்டனின் விதிப்படி, ஒரு நிறுவனம் இவ்வாறு மறுத்துவிட்டால், சில விதிவிலக்குகள் தவிர, அடுத்த ஆறு மாதங்களுக்கு அந்தப் பேச்சை மீண்டும் எடுக்க முடியாது. 'ஊர்வாயை மூட உலைமூடி இல்லை' என்பார்கள். சந்தையின் வாயை முழுமையாக மூட முடியாவிட்டாலும், சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட வைக்க இத்தகைய விதிகள் உதவுகின்றன.

மீண்டும் ஒரு புதியவர்

2025 அக்டோபரில் ஆல்பர்ட் மேனிஃபோல்ட் புதிய வாரியத் தலைவரானார். இரண்டரை மாதங்கள் கழித்து, ஆக்கின்கிளாஸ் பதவியிலிருந்து விலகுவதாக அறிவிப்பு வந்தது. 2026 ஏப்ரல் முதல் மெக் ஓநீல் தலைமைச் செயல்முறை அதிகாரியாகப் பொறுப்பேற்பார் என்றும் பிபி தெரிவித்தது. நூறாண்டைக் கடந்த பிபியின் வரலாற்றில், இப்பதவிக்கு வெளியிலிருந்து ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டது அதுவே முதன்முறை. இப்பதவிக்குத் தேர்வான முதல் பெண்மணியும் அவரே.

உடனே ஊகங்களும் கிளம்பின. ஓநீல் பல ஆண்டுகள் எக்சான்மோபிலில் பணியாற்றியவர். பின்னர், ஆஸ்திரேலியாவின் வூட்சைட் எரிசக்தி நிறுவனத்திற்குத் தலைமை தாங்கினார். அவர் தலைமையில் வூட்சைட், பிஎச்பி என்னும் சுரங்க நிறுவனத்தின் எண்ணெய், எரிவாயுப் பிரிவை 2022இல் தன்னுடன் இணைத்துக்கொண்டது. இதைக் கொண்டு, 'பிபி இனி எண்ணெயையே முழுமையாக நம்பும்' என்று ஊகிக்கலாம். 'அவர் இணைப்பில் அனுபவம் மிக்கவர். பிபியும் வேறொரு நிறுவனத்துடன் இணையக்கூடும்' என்றும் ஊகிக்கலாம்.

இந்த ஊகங்கள் பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். ஆனால், லூனியின் பின்னணியைப் பார்த்து ஊகித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. ஆக்கின்கிளாஸ் சொன்ன சொல்லை வைத்து ஊகித்தவர்களின் கணக்கும் தவறிப்போனது. ஒருவரின் பின்னணியும் பேச்சும் ஓரளவுக்குத்தான் வழிகாட்டும்.

ஊகத்தைச் சலித்துப் பார்ப்போம்

அப்படியானால், எதைப் பார்க்க வேண்டும்? கவனமான முதலீட்டாளர்கள் மூன்றைப் பார்க்கிறார்கள்.

முதலாவது, கணக்கு. நிறுவனத்துக்கு எவ்வளவு கடன் உள்ளது? தலைவர் மாறினாலும் கடன் மாறுவதில்லை. பிபியின் நிகரக் கடனை 2027ஆம் ஆண்டு முடிவுக்குள் 14 முதல் 18 பில்லியன் டாலராகக் குறைக்க வேண்டும் என்ற இலக்கு, ஓநீல் நியமிக்கப்படுவதற்கு முன்பே வகுக்கப்பட்டுவிட்டது.

இரண்டாவது, செயல். நிறுவனம் எதை வாங்குகிறது, எதை விற்கிறது? 2025இல் பிபி அமெரிக்காவிலுள்ள தன் நிலக் காற்றாலைகளை விற்க முடிவு செய்தது. அவ்வாண்டு டிசம்பரில் காஸ்ட்ராலின் 65 விழுக்காட்டுப் பங்கை ஸ்டோன்பீக் என்னும் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்க இணங்கியது. ஒரு நிறுவனத்தின் மனத்தை அறிய, பல நேரங்களில் அதன் அறிக்கைகளைவிட அதன் விற்பனைப் பட்டியல் தெளிவான சான்றாகும்.

மூன்றாவது, சூழல். எண்ணெய் விலை, வட்டி விகிதம், போர், அரசுகளின் கொள்கை, பெரும் பங்குதாரர்களின் நெருக்குதல் ஆகியவை எந்தத் தலைவரின் கையையும் கட்டிப்போடக்கூடியவை. லூனியின் இலக்கு தளர்ந்ததும் ஆக்கின்கிளாஸின் உத்தி மாறியதும் இவற்றால்தான்.

ஆகவே, ஒரு செய்தியைப் படிக்கும்போது அதிலுள்ள கூற்றுகளை வகைப்படுத்திப் பார்க்க வேண்டும். 'பிபி புதிய தலைமைச் செயல்முறை அதிகாரியை நியமித்தது' என்பது உண்மைத் தகவல். 'அவர் எண்ணெய் உற்பத்தியைக் கூட்டக்கூடும்' என்பது ஊகம். 'இனி பங்கு விலை நிச்சயம் ஏறும்' என்பது பெரும்பாலும் பங்கு வைத்திருப்பவரின் விருப்பம். விருப்பம் ஊகமாகவும், ஊகம் உண்மையாகவும் வேடம் போட்டுக்கொண்டு வரும்போதுதான் மக்கள் பணத்தை இழக்கிறார்கள்.

நமக்கு இதில் என்ன பங்கு?

'நான் பங்கு எதுவும் வாங்கவில்லையே, எனக்கு எதற்கு இது?' என்று நீங்கள் கேட்கலாம். மலேசியாவில் ஊழியர் சேமநிதி வாரியம், உறுப்பினர்களின் சேமிப்பில் ஒரு பகுதியை உள்நாட்டு, வெளிநாட்டுப் பங்குகளில் முதலீடு செய்கிறது. பிரிட்டனில் ஓய்வூதிய நிதிகள் பல, பிபி போன்ற நிறுவனங்களின் பங்குகளை வைத்திருக்கின்றன. எங்கோ ஒரு நிறுவனத்தின் தலைவர் மாறும்போது, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் சேமிப்பும் சிறிதளவு ஏறி இறங்கலாம்.

அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. எண்ணெயையும் எரிவாயுவையும் எரிப்பதால் புவி வெப்பமடைகிறது. ஓர் எரிசக்தி நிறுவனம் எந்தத் திசையில் செல்கிறது என்பது அதன் பங்குதாரர்களை மட்டும் பாதிக்கும் செய்தியன்று. அதன் விளைவைச் சுமக்கப்போகிறவர்களுள் பெரும்பாலோர் இன்று வகுப்பறைகளில் அமர்ந்திருப்பவர்கள்தாம். பங்கின் விலை நாளுக்கு நாள் மாறலாம். இன்று தோண்டப்படும் எண்ணெய்க் கிணறோ பல ஆண்டுகள் எண்ணெய் தந்துகொண்டிருக்கும்.

அடுத்த முறை உங்கள் பள்ளிக்குப் புதிய முதல்வர் வரப்போகிறார் என்று கேள்விப்பட்டால், நண்பர்களோடு சேர்ந்து நீங்களும் ஊகிக்கலாம், அதில் தவறில்லை. ஆனால், 'இது நமக்குத் தெரிந்ததா, நாம் நினைப்பதா, நாம் விரும்புவதா?' என்று ஒரு கணம் கேட்டுப்பாருங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம், வளர்ந்த பிறகு உங்கள் பணத்தையும் காக்கும். உங்கள் முடிவுகளையும் காக்கும்.